நகராத நாகேஷ்

ஓடுவதற்கும் ஆடுவதற்கும் விழுந்து எழுவதற்கும் பேர்போன ஒரு நடிகருக்கு 1994-இல் வந்து சேர்ந்த வேடம், பிணம். சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கிய ‘மகளிர் மட்டும்’ படத்தில் ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூவரும் தங்கள் மேலதிகாரிதான் செத்துவிட்டார் என்று நினைத்து, ஆஸ்பத்திரியிலிருந்து யாரோ ஒருவருடைய உடலைக் கடத்திவிடுகிறார்கள். அந்த யாரோ ஒருவர் நாகேஷ். வசனம் கிடையாது. இமை அசையக் கூடாது. ஒரு துணை நடிகரைப் படுக்க வைத்து ஒரே நாளில் முடித்திருக்கக்கூடிய வேலை. நாகேஷா இப்படி ஆகிவிட்டார் என்று அப்போது உச்சுக் கொட்டியவர்களும் உண்டு.

படத்தை இன்னொரு முறை பாருங்கள். உயிருள்ள உடம்பு தன்னை அறியாமலேயே எப்போதும் ஒத்துழைத்துக்கொண்டிருக்கும். கையைப் பிடித்து இழுத்தால் தோள் கூடவே வரும். தலை சாய்ந்தால் கழுத்து பிரேக் போடும். உட்கார வைத்தால் முதுகு தானாக நிமிரும். தூங்குகிறவனிடம்கூட இந்த ஒத்துழைப்பு உண்டு. அந்த உடம்பில் அது இல்லை. தூக்கினால் கனக்கிறது, விட்டால் சரிகிறது. சரிவதும் விட்ட கணத்திலேயே அல்ல, ஒரு மாத்திரை தள்ளி. தூக்குகிறவர்கள் ‘அப்பாடா’ என்று மூச்சு விட்ட பிறகு சரிகிறது. அந்த ஒரு மாத்திரையில்தான் தியேட்டர் சிரித்தது. முப்பது வருடம் முன்பு ‘காதலிக்க நேரமில்லை’யில் சிரிக்க வைத்ததும் அதே ஒரு மாத்திரைதான். இடைப்பட்ட காலத்தில் நாகேஷின் மார்க்கெட் ஏறியது, இறங்கியது, காணாமலே போனது. அந்த ஒரு மாத்திரை மட்டும் அவரிடமிருந்து எங்கேயும் போகவில்லை.

நாகேஷைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். அறுபதுகளில் உச்சம், எழுபதுகளில் சரிவு, எண்பதுகளின் கடைசியில் கமல்ஹாசன் கைகொடுத்ததால் மறுவாழ்வு. தேதிப்படி இது சரி. நடிப்புப்படி எனக்கு இதில் சம்மதம் இல்லை. உச்சம் என்று சொல்லப்படும் வருடங்களிலேயே பள்ளங்கள் இருக்கின்றன. சரிவு என்று சொல்லப்படும் வருடங்களில் சில நிமிடங்கள் எந்த உச்சத்தையும் விடப் பெரியவை.

தாராபுரத்துக் கன்னடக் குடும்பம். ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம். அமெச்சூர் நாடகத்தில் வயிற்றுவலிக்காரனாக வந்து போகிற சிறு வேடம். தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர். மேடையிலேயே அந்த வயிற்றுவலிக்காரனைத் தனியாகப் பாராட்டினார். தியாகராய நகர் கிளப் ஹவுஸில் கவிஞர் வாலியோடு ஒன்றாகக் கிடந்த பஞ்ச காலம். இதெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்ட விஷயங்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வயிற்றுவலிதான். நல்ல வசனத்துக்குக் கிடைத்த பாராட்டு அல்ல அது. ஒரு உடம்பு வலியில் எப்படி மடங்கும் என்று காட்டியதற்குக் கிடைத்தது.

அவர் வந்த நேரத்தில் தங்கவேலுவும் சந்திரபாபுவும் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தார்கள். தங்கவேலுவின் சொத்து பேச்சு. இழுத்து இழுத்துப் பேசியே கொட்டகையைக் கட்டிப் போட்டுவிடுவார். சந்திரபாபு பாடுவார், மேல்நாட்டு ஆட்டம் ஆடுவார், அவர் தனியாக ஒரு கச்சேரி. நாகேஷுக்கு முகத்தில் அம்மைத் தழும்பு, உடம்பில் எலும்பு. சொந்தக் குரலில் பாடிப் பேர் வாங்கியவரும் இல்லை. கொண்டுவந்த முதல் எல்லாம், எதிரில் நிற்பவனைக் கவனிக்கிற கண்ணும் அந்தக் கண் சொன்னதைத் தாமதமின்றிச் செய்கிற எலும்பும்தான்.

ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) ஆஸ்பத்திரி வார்டு பாயாக அவரை ஊருக்கு அறிமுகப்படுத்தியது. அதே ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. அதில் வரும் கதை சொல்லும் காட்சியைப் பற்றிப் பேசாத தமிழன் இல்லை. ஆனாலும் கொஞ்சம் நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

செல்லப்பாவுக்குப் படம் எடுக்க ஆசை. கம்பெனிக்கு ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று பெயர் இருக்கிறது, பணம் இல்லை. பணம் அப்பாவிடம் இருக்கிறது, சின்னமலை எஸ்டேட் விஸ்வநாதன். அப்பாவாக டி.எஸ்.பாலையா. மகன் பேய்க்கதை சொல்கிறான், அப்பா கேட்கிறார். அவ்வளவுதான் காட்சி. சித்ராலயா கோபு எழுதிய நகைச்சுவையின் பலம், அதில் நகைச்சுவை வசனம் என்று எடுத்துக் காட்ட ஒரு வரிகூடக் கிடைக்காது என்பது. காற்றுச் சத்தமும் கதவுச் சத்தமும் நாகேஷின் வாயிலிருந்தே வருகின்றன.

இந்தக் காட்சியில் நாம் சிரிக்கும்போதெல்லாம் நம் கண் எங்கே இருக்கிறது என்று கவனித்தால் ஒன்று புரியும். பாலையாவின் முகத்தில் இருக்கிறது. எச்சில் விழுங்குவது அவர், நாற்காலியில் ஒடுங்குவது அவர், துண்டை இறுக்கிக்கொள்வது அவர். நாகேஷ் அத்தனை வித்தையையும் செய்து, சிரிப்பை எடுத்து எதிரில் இருக்கிற பெரியவர் மடியில் வைத்துவிடுகிறார். கதை சொல்லும்போது அவர் கண் பாலையாவை விட்டு அகலுவதே இல்லை. அப்பாவுக்கு மூச்சு திரும்பி வருகிறதா, உடனே குரலைத் தாழ்த்துகிறார். பயம் முற்றிவிட்டதா, கொஞ்சம் விட்டுப் பிடிக்கிறார். பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் ஊறி வந்த பாலையாவும், ஆபீஸ் முடிந்து ஒத்திகைக்கு ஓடிய அமெச்சூர் நாடகக்காரரும் ஒரே தாளத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நாகேஷைத் தனியாகச் சிரிக்க வைத்தவர் என்று நினைப்பவர்கள் இந்தக் காட்சியைப் பாதிதான் பார்த்திருக்கிறார்கள். தமிழில் அவரைவிடக் கூர்ந்து கேட்டு நடித்தவர் கிடையாது என்பது என் கட்சி.

அதே 1964-இன் கடைசியில் ‘சர்வர் சுந்தரம்’. கணக்காயர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு நாடகம் போட்டுக்கொண்டிருந்த கே.பாலசந்தர் எழுதிய நாடகம், ஏவி.எம். தயாரிப்பு, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கம். ஓட்டல் சர்வர் ஒருவன் சினிமா நட்சத்திரமாகும் கதை. கப்பும் சாஸருமாகக் கோபுரம்போல் அடுக்கிக்கொண்டு அவர் நடக்கிற காட்சி ஒரு வித்தை, சந்தேகமில்லை. பாட்டு ஒன்று ஒலிப்பதிவுக்கூடத்தில் எப்படி உருவாகிறது என்று எம்.எஸ்.விஸ்வநாதனையும் டி.எம்.சௌந்தரராஜனையும் திரையிலேயே காட்டி, அதற்கு நாகேஷ் ஆடும் ஆட்டத்தையும் சேர்த்துக் காட்டியது அந்தக் காலத்துக்குப் பெரிய புதுமை. முறையாக நடனம் கற்றவர் ஆட்டமல்ல அது. தாளத்தின் மேல் நடக்காமல், தாளத்துக்குச் சற்றே பிந்தி வந்து, கடைசி அட்சரத்தில் ஓடி வந்து பிடித்துக்கொள்கிற ஆட்டம்.

ஆனால் படத்தில் எனக்கு மனசில் நிற்பது வேறு. தான் விரும்பும் பெண் நண்பனைத்தான் விரும்புகிறாள் என்று சுந்தரத்துக்குத் தெரியவருகிற இடம். கே.ஆர்.விஜயாவும் முத்துராமனும் எதிரில் அழகாக இருக்கிறார்கள். அழகில்லாதவன் ஒருவன், தன் அழகின்மையை முதன்முதலாக அவர்கள் கண் வழியாகப் பார்க்கிறான். அங்கே அவர் முகத்தில் ஒன்றும் செய்வதில்லை. பிற்பாதியில் அம்மாவின் சாவும் அழுகையும் வரும்போது படம் கனத்துப்போகிறது; நாகேஷும் ஒரு படி அதிகமாகவே அழுகிறார். என் கணக்கில் அது ஒரு பள்ளம், ஊர் அதற்குத்தான் அதிகம் கண்ணீர் விட்டது என்றாலும். அம்மா உயிருக்குப் போராடுகையில் செட்டை விட்டுப் போக முடியாத நகைச்சுவை நடிகன் என்ற அந்தக் கற்பனை மட்டும், அப்புறம் பல கால்ஷீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்த அவர் வாழ்க்கையை நினைத்தால், கொஞ்சம் முள்ளாகக் குத்துகிறது.

1965-இல் ஏ.பி.நாகராஜனின் ‘திருவிளையாடல்’. நாகேஷ் மொத்தம் ஒன்றரை நாள்தான் கால்ஷீட் கொடுத்தார் என்பார்கள். தருமியின் புலம்பலில் பெரும்பகுதி செட்டில் அவர் அங்கேயே சேர்த்தது, டப்பிங்கில் அதைப் பார்த்த சிவாஜி ஓர் அடி பிலிம்கூட வெட்டக் கூடாது என்றார் என்பதும் பலமுறை சொல்லப்பட்ட கதை. சிவாஜியின் பெருந்தன்மைக்கு உதாரணமாக இதைச் சொல்வது வழக்கம். பெருந்தன்மை மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம். நடிப்பு தெரிந்த கண்ணுக்கு, எதிரில் இப்படி ஒருவன் இருந்தால் தன் சிவனும் இரண்டு முழம் உயர்ந்து தெரிவான் என்று தெரிந்திருக்கும்.

கேள்வி–பதில் காட்சியில் இது தெளிவாகத் தெரிகிறது. உலக வழக்கத்தில் கேள்வி கேட்கிறவன் கை மேலே, பதில் சொல்கிறவன் கை கீழே. இங்கே கேள்வி கேட்கிற தருமி ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு விரற்கடை சிறுத்துக்கொண்டே போகிறான். தோள் உள்வாங்குகிறது, கழுத்து நீள்கிறது, கால் ஊன்றிய இடத்திலேயே நழுவுகிறது. சிவாஜி அசையாமல் தூண்மாதிரி நிற்க, அந்தத் தூணைச் சுற்றி ஒரு கொடி வளைந்துகொண்டிருக்கிறது. அதைவிட அருமை, சபையில் நக்கீரரிடம் அவமானப்பட்டுத் திரும்பிய பிறகு கோயிலில் தனியாக நின்று புலம்புகிற இடம். பாட்டு எழுதிக் கொடுத்தவன் இனி வரப்போவதில்லை என்று வாய் அடித்துச் சொல்கிறது. கண் வாசல் பக்கமே போகிறது. கோபம், பயம், ஆயிரம் பொற்காசுகள் கைநழுவிய ஏக்கம், யாரோ ஒருவனை நம்பிய வெட்கம் எல்லாம் ஒரே மூச்சில். எதிரில் ஆளே இல்லை. ஆனாலும் இல்லாத அந்த ஆளைக் கேட்டுத்தான் நடிக்கிறார்.

மூன்று வருடம் கழித்து, கொத்தமங்கலம் சுப்பு விகடனில் எழுதிய தொடரிலிருந்து ஏ.பி.நாகராஜன் எடுத்த ‘தில்லானா மோகனாம்பாள்’. சவடால் வைத்தி. எழுத்தில் படித்தால் அருவருக்க வேண்டிய ஆசாமி. ஒரு நாட்டியக்காரியைப் பணக்காரர்களிடம் கொண்டுபோய் விடுவதையே தொழிலாக வைத்திருப்பவன். சிங்கபுரம் மைனர் தோதுப்படவில்லை என்றால் மதன்பூர் மகாராஜா. நாகேஷ் அவனை நல்லவனாக்கவும் இல்லை, கொடியவனாக்கவும் இல்லை. அவனைத் தொழிலில் கெட்டிக்காரனாக்கினார். இடுப்பைப் பாருங்கள். எதிரில் இருப்பவரின் சொத்து மதிப்புக்குத் தக்கபடி வளைகிறது. மகாராஜா முன்னால் ஒரு வளைவு. மோகனாவின் தாயார் வடிவாம்பாள் முன்னால் வளைவே போய் ஒரு தோரணை. சி.கே.சரஸ்வதியும் அவரும் சேர்ந்து கணக்குப் போடும் இடங்களில், பேராசை என்பது எவ்வளவு குடும்பப்பாங்கான சமாசாரம் என்று தெரிகிறது. சிவாஜியும் பத்மினியும் உச்சத்தில் இருக்கிற ஒரு படத்தில், ஏ.வி.எம்.ராஜனும் பாலையாவும் மனோரமாவும் நம்பியாரும் நிறைந்திருக்கிற படத்தில், கதையை ஒவ்வொரு முறையும் நகர்த்தி வைப்பது வைத்திதான். அவன் இல்லையென்றால் சண்முகசுந்தரமும் மோகனாவும் பாதிப் படத்திலேயே கல்யாணம் செய்துகொண்டிருப்பார்கள்.

இங்கே ஒரு விஷயம். செல்லப்பா, தருமி, வைத்தி மூவரும் கதைக்குள் இருப்பவர்கள். கதையை உருவினால் அவர்கள் விழுந்துவிடுவார்கள். நாகேஷுக்கு எது சரியாக வந்தது, எது வரவில்லை என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. கதைக்கு வெளியே தனி ‘காமெடி டிராக்’ ஒட்டவைத்த படங்களில், அவர் உச்சத்தில் இருந்த அதே வருடங்களில்கூட, தன்னையே நகல் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கீச்சுக் குரல், அந்தக் கால் பின்னல், அந்த முழி. சிவாஜி படமா, எம்.ஜி.ஆர். படமா என்ற பேதமில்லை. இரண்டு முகாமுக்கும் பொதுவாக ஒருவர் தேவைப்பட்டார், அவர் இருந்தார், காலையில் இங்கே மாலையில் அங்கே என்று ஓடினார். ‘அன்பே வா’ போன்ற சில படங்கள் இதற்கு விலக்கு. மற்றவற்றில் பலவற்றை இன்றைக்கு உட்கார்ந்து பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. ஜெர்ரி லூயிஸ் என்று அவரை ஒப்பிடும் வழக்கம் இந்தப் படங்களை வைத்து வந்ததுதான். பாதி நியாயம், மீதிப் பாதியை வைத்தியிடம் கேட்க வேண்டும்.

பாலசந்தர் அவரைக் கதைக்குள்ளேயே வைத்திருந்தார். இயக்குநராக அவருடைய முதல் படம் ‘நீர்க்குமிழி’ (1965) முழுக்க ஆஸ்பத்திரியில் நடக்கிறது. தன் நோய் இன்னதென்று அறியாத சேது எல்லோரையும் கலாய்த்துக்கொண்டே சாவை நோக்கிப் போகிறான். ‘அனுபவி ராஜா அனுபவி’யில் (1967) இரட்டை வேடம், தூத்துக்குடிக்காரன் மாணிக்கத்தையும் பட்டணத்துத் தங்கமுத்துவையும் பேச்சு வழக்கு மட்டும் பிரிக்கவில்லை, தோள் நிற்கிற விதமே பிரித்துவிடுகிறது. ‘எதிர்நீச்சல்’ (1968) மாதுவை எனக்கு இவர்கள் எல்லோரையும்விடப் பிடிக்கும். மாடிப்படிக்குக் கீழே குடியிருந்துகொண்டு, குடித்தனக்காரர்கள் அத்தனை பேருக்கும் எடுபிடி வேலை செய்துகொண்டு, படிக்கிற அனாதைப் பையன். ஆளுக்கொரு வேலை ஏவுகிறார்கள். ஒவ்வொரு குரலுக்கும் மாதுவின் தலை திரும்புகிற வேகம் வேறு. பட்டு மாமி கூப்பிட்டால் ஒரு திருப்பம், நாயர் கூப்பிட்டால் ஒரு திருப்பம். யார் எவ்வளவு சோறு போடுகிறார்கள் என்று அந்தக் கழுத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

பாலசந்தருக்கு நடுவே, 1966-இல், ஜெயகாந்தன் தன் குறுநாவலைத் தானே படமாக்கினார்: ‘யாருக்காக அழுதான்?’. ஓட்டல் வேலைக்காரன் திருட்டுமுழி ஜோசப். அவன்மேல் திருட்டுப் பழி விழுகிறது. எதிர்த்து ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஊரையே சிரிக்க வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்த வேடத்துக்கு நாகேஷை நினைத்ததே ஜெயகாந்தனின் மேதைமை. அவருக்கு நாகேஷின் முழியில் திருட்டு தெரியவில்லை, மிரட்சி தெரிந்தது. அவ்வளவு ஓட்டத்தின் அடியில் நகராத ஒரு மனுஷன் உட்கார்ந்திருப்பதை முதலில் பார்த்தவர் அவர்தான். படம் ஓடவில்லை. ஓடியிருந்தால் பிற்பாடு நடந்த பலதும் வேறு மாதிரி நடந்திருக்குமோ என்று நான் யோசிப்பதுண்டு. சினிமாவில் தோற்ற படம் சொல்லிக் கொடுக்கிற பாடத்தை யாரும் கேட்பதில்லையே; நாகேஷுக்கு மௌனம் வராது, ஓட்டம்தான் வரும் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

எழுபதுகளில் ஓட்டம் குறைந்தது. காரணங்களாக அவருடைய சொந்த வாழ்க்கையின் சங்கடங்களைச் சொல்வார்கள். அதற்குள் நான் போகவில்லை. திரையில் தெரிகிற காரணமே போதும். தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் என்று புதிய குரல்கள் வந்தன. ‘உலகம் சுற்றும் வாலிபன்’ (1973) வரைக்கும் எம்.ஜி.ஆரோடு இருந்தார், நாற்பதைத் தொட்ட உடம்புக்கு ஹீரோவின் தோழன் வேடம் பொருந்தாமல் போய்க்கொண்டிருந்தது. பாண்டி பஜாரில் தன் பெயரில் ஒரு தியேட்டர் கட்டினார். அதுவும் பின்னால் கல்யாண மண்டபமாயிற்று. எண்பதுகளில் நகைச்சுவை கிராமத்துக்கு இடம்பெயர்ந்தது. கவுண்டமணியும் செந்திலும் வந்தார்கள். நாகேஷ் டாக்டராகவும் அப்பாவாகவும் பக்கத்து வீட்டுக்காரராகவும் வந்து போனார். மகன் ஆனந்த்பாபு தந்தையின் கால்களை வாரிசாக வாங்கிக்கொண்டு ஆடத் தொடங்கியிருந்தார். அவரை வைத்து நாகேஷ் இயக்கிய ‘பார்த்த ஞாபகம் இல்லையோ’ (1985) பேர் வாங்கவில்லை.

இந்தச் சரிவின் நடுவில்தான் ‘அபூர்வ ராகங்கள்’ (1975). ரஜினிகாந்தின் முதல் படம் என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. குடிகார டாக்டர் சூரியாக நாகேஷ் வருகிற ஒரு காட்சியை நான் அந்தப் படத்தின் மற்ற எதற்கும் தரமாட்டேன். தனியாகக் குடித்துக்கொண்டிருக்கிறார். சுவரில் தன் நிழல். அதனோடு சேர்ந்து குடிக்கக் கிளாஸை உயர்த்தி ‘சியர்ஸ்’ சொல்கிறார். நிழல் பதில் சொல்லவில்லை. டம்ளரைத் தூக்கி அதன்மேல் வீசுகிறார். செட்டிலேயே அவருக்குத் தோன்றிய யோசனை என்று சொல்லப்படுகிறது. எவ்வளவு சின்ன விஷயம், ஆனால் அவருக்குப் பிடித்தமான வேலையே இதுதான்: எதிரில் ஒருவன், அவன் பதிலுக்காகக் காத்திருப்பது. இந்த முறை எதிரில் இருப்பவன் பதிலே சொல்லாதவன். சிரிப்பும் வருகிறது, அடிவயிற்றில் ஏதோ பிசைகிறது. குடிகாரன் வேடம் என்றால் தள்ளாடிக் குழறுவது என்று நினைத்த நடிகர்கள் இருந்த காலத்தில், அவர் தள்ளாட்டத்தைக் குறைத்து நிதானத்தைக் கூட்டினார். குடித்தவன் நிதானமாக இருக்கப் படுகிற பாடுதான் குடித்தவனைக் காட்டிக்கொடுக்கும்.

பாலசந்தரே ‘தில்லு முல்லு’வில் (1981) அவரை நடிகர் நாகேஷாகவே கொண்டுவந்து, ரஜினிக்கு ஆள்மாறாட்ட யோசனை சொல்ல வைத்தார். ரஜினியின் முதல் முழு நகைச்சுவைப் படத்துக்கு இதைவிட நல்ல வரவேற்புரை இருக்க முடியாது.

‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) வந்தபோது மறுவாழ்வு என்றார்கள். வில்லன் நால்வரில் ஒருவர், தர்மராஜ். ஒரு போலீஸ் அதிகாரியைக் கொன்று, அவன் மனைவி வாயில் விஷத்தை ஊற்றுகிற கூட்டம். நாகேஷ் குரலைக் கனமாக்கிக்கொள்ளவில்லை, புருவத்தை நெரிக்கவில்லை. இருபது வருடமாக நாம் பார்த்துப் பழகிய அதே இளிப்பு. அந்த இளிப்பை அவர் ஒரு மாத்திரை கூடுதலாக நீட்டிக்கிறார். சிரிப்பு இருக்க வேண்டிய இடத்தில் சில்லிட்டுப்போகிறது. வேடிக்கைக்கும் கொடூரத்துக்கும் நடுவே இருக்கிற தூரம் அவ்வளவுதான். அடுத்த வருடமே ‘மைக்கேல் மதன காம ராஜன்’ அவிநாசி. கம்பெனிப் பணத்தைக் கையாடிவிட்டு மாட்டிக்கொள்வோமோ என்று சாகிற கணக்கப்பிள்ளைக் களை. கிரேஸி மோகனின் வசனம் எக்ஸ்பிரஸ் வேகத்தில் போகிறது. ஒருவர் முடிப்பதற்குள் அடுத்தவர் பிடித்துக்கொள்ள வேண்டும். கமலின் நாலு வேடங்களுக்கும் ஈடுகொடுத்து ஓடும்போது அவருக்கு வயது ஐம்பத்தேழு. அறுபதுகளில் செய்த அதே வேகம் என்று பாராட்டியவர்கள் உண்டு. அதே வேகமில்லை, நல்லவேளையாக. இளவயது நாகேஷ் எல்லா வாக்கியத்துக்கும் உடம்பைச் செலவழிப்பார். அவிநாசி, மாட்டிக்கொண்ட கணத்தில் மட்டும் உடம்பைச் செலவழிக்கிறார். மற்ற நேரமெல்லாம் கண்தான் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பிறகு ‘நம்மவர்’, பிணமாக நடித்த அதே 1994-இல். கே.எஸ்.சேதுமாதவன் இயக்கம். கல்லூரிப் பேராசிரியர் பிரபாகர் ராவ். மகள் தற்கொலை செய்துகொள்கிறாள். இந்த மாதிரிக் காட்சிக்குத் தமிழ் சினிமாவில் ஒரு சம்பிரதாயம் உண்டு: மார்பில் அடித்துக்கொள்ள வேண்டும், கேமரா முகத்துக்குக் கிட்டே வரவேண்டும், வயலின் வாசிக்க வேண்டும். நாகேஷ் வேறொன்று செய்தார். துக்கம் முழுதாக இறங்குவதற்கு முந்தைய நிலையிலேயே அந்தத் தகப்பனை நிறுத்தி வைத்தார். பேச்சு சகஜமாகத் தொடங்கிப் பாதியில் திசை தெரியாமல் நிற்கிறது. உதடு சிரிப்புக்குப் போகப் பார்க்கிறது, பழக்கதோஷம். கண் அதற்குக் கூட வரமாட்டேன் என்கிறது. நாம் அவருக்காகச் சிரித்துப் பழகியவர்கள் என்பதும் அங்கே வேலை செய்கிறது. அவர் வாய் கோணினாலே நம் வாய் தயாராகும். தயாரான வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறோம். ‘சர்வர் சுந்தர’த்தில் அம்மாவுக்காக அவர் அழுத அழுகை எனக்குப் பிடிக்காமல் போனதற்குக் காரணமே, இதை முதலில் பார்த்துவிட்டதுதானோ என்னவோ.

துணை நடிகருக்கான தேசிய விருது அந்த வேடத்துக்குக் கிடைத்தது. முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு. பத்ம விருது ஒன்றும் வரவில்லை. நகைச்சுவை நடிகனுக்கு விருது கொடுக்க வேண்டுமென்றால் அவன் அழ வேண்டும் என்பது இந்த நாட்டின் நியதி. வைத்திக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டால், சிரித்துவிட்டோமே, அப்புறம் என்ன என்பார்கள்.

‘அவ்வை சண்முகி’யின் மேக்கப்மேன் ஜோசப், ‘பஞ்சதந்திர’த்து மாமனார் என்று அப்புறமும் கமல் அவரை விடவில்லை. ‘தசாவதாரம்’ (2008) வந்த அடுத்த வருடம், 2009 ஜனவரி 31 அன்று நாகேஷ் காலமானார். கடைசி வருடங்களில் ‘வசூல்ராஜா எம்பிபிஎஸ்’ (2004) ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். மகன் டாக்டர் என்று நம்பிக் கிராமத்திலிருந்து பட்டணம் வருகிற தகப்பன். மகன் டாக்டர் இல்லை, ரவுடி என்று சம்பந்தியாக வேண்டியவர் எதிரில் வைத்தே தெரிந்துபோகிறது. பிரகாஷ்ராஜ் பேசிக்கொண்டே போகிறார். நாகேஷுக்கு அங்கே வசனம் பெரிதாக இல்லை, கேட்பதுதான் வேலை. ஒவ்வொரு சொல்லும் எங்கே போய் விழுகிறது என்று அந்த வயதான முதுகில் தெரிகிறது.

தொலைக்காட்சியின் நகைச்சுவைத் துண்டுகளில் இப்படிப்பட்ட இடங்களுக்கு வேலை இல்லை. அங்கே தருமி கேள்வி கேட்பதோடு காட்சி பெரும்பாலும் முடிந்துவிடும், அடுத்து விளம்பரம். கோயிலில் தனியாக நின்று புலம்புவது வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. ‘காதலிக்க நேரமில்லை’ துண்டில், பாலையாவின் முகம் போதிய நேரம் நிற்பதற்கு முன்பே வெட்டிவிடுகிறார்கள். சிரிப்பு வந்துவிட்டதாம், போதுமாம். நாகேஷ் அத்தனை பாடுபட்டுத் தள்ளி வைத்த அந்த ஒரு மாத்திரையைக் கத்தரிக்கோல் எடுத்துக்கொள்கிறது. இளையவர்கள் யாராவது அவரைப் பார்க்கத் தொடங்கவேண்டும் என்றால் துண்டுகளில் தொடங்க வேண்டாம். ‘தில்லானா மோகனாம்பா’ளை முழுதாகப் பாருங்கள், வைத்தி திரையில் பேசாமல் நிற்கிற இடங்களில் அவரை விட்டுக் கண்ணை எடுக்காமல்.